எண்ணாமல் விட்ட வெடி

அறுபதுகளின் தொடக்கத்தில் விராலிமலைக்குத் தெற்கே ஓர் ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு தோண்டப் போனோம். ஆறு பேர். எங்கள் ஊரிலிருந்து மூவர், பக்கத்து ஊரிலிருந்து மூவர். கண்மாய்த் தண்ணீருக்காக ஏற்கெனவே அடித்துக்கொண்ட ஊர்கள். ஓவர்சியருக்கு அதெல்லாம் தெரியாது; ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு.

முதல் மாதம் வேலையைவிடச் சண்டைதான் அதிகம். தண்ணீர்ப் பானைகூடத் தனித்தனி. பாறை தட்டியதும் துளை போட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைக்க வேண்டியிருந்தது. திரியைப் பற்றவைத்து மேலே ஏறி வந்து, எத்தனை வெடித்தது என்று எண்ணிய பிறகுதான் கீழே இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. எங்கள் தரப்பில் நான் எண்ணுவேன். அவர்கள் தரப்பில் நெட்டையான ஒருவன் எண்ணுவான். நான் சொன்னதை அவன் நம்ப மாட்டான், அவன் சொன்னதை நான் நம்பித் தொலைக்க மாட்டேன்.

"நாலுதான் கேட்டுச்சு."

"காது அடச்சுப்போச்சா ஒனக்கு? அஞ்சு!"

ஒரு நாள் வேலை இதனாலேயே கெட்டது. ஓவர்சியர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒருவனுக்கும் கீறல்கூட விழவில்லை.

முப்பது அடி இறங்குவதற்குள் எப்படியோ ஒட்டிக்கொண்டோம். ஒருவன் உயிர் இன்னொருவன் பிடித்திருக்கும் கயிற்றில் தொங்கும்போது எத்தனை நாள்தான் முறைத்துக்கொண்டிருப்பது? நெட்டையன் வீட்டுப் புளிக்குழம்பு எனக்கு வந்தது. எங்கள் வீட்டுக் கம்பங்கூழ் அவனுக்குப் போனது. மாப்ளே, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டோம். கீழே கூடையை அசைத்தாலே மேலே இருப்பவனுக்கு விஷயம் புரிந்துவிடும். "இப்பத்தான்யா ஒரு செட்டா வேலை பாக்குறீங்க" என்றார் ஓவர்சியர். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்கு ஐந்து திரி. மண்மேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, நெட்டையன் தன் மாமியார் பேசுவதை நடித்துக் காட்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். வெடிச்சத்தம் ஓய்ந்தது. அவன் எண்ணியிருப்பான் என்று நான் நினைத்தேன். நான் எண்ணியிருப்பேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

"எறங்கட்டுமா மாப்ளே?"

"எறங்கு மச்சான்."

அவன் கால் அடியில் பட்டு, எங்கள் கையில் கயிறு தளர்ந்தது. அப்போதுதான் ஐந்தாவது வெடித்தது.

மறுநாள் ஓவர்சியர் விசாரிக்க வந்தார். அவன் மனைவியும் அங்கேதான் நின்றாள். "நேத்து எண்ணுற மொறை அவரோடதுங்க" என்றேன் நான். அப்படி ஒரு முறையை நாங்கள் வைத்துக்கொண்டதே இல்லை. என் நாக்கு அழுகியிருக்க வேண்டும்.

"அவுக எண்ணாம எறங்க மாட்டாகளே" என்று அவள் தன் ஊர்க்காரர்கள் இருவரையும் பார்த்துக் கதறினாள். "நீங்களாச்சும் சொல்லுங்க."

நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குள் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. நான் சொன்னதுதான் சரி என்று அவர்கள் இருவரும் தலையாட்டினார்கள்.