முனீஸ்வரனுக்கு வைத்த இத்தாலி ஒயின்

அப்பா குடியை விட்டதிலிருந்து எங்கள் வீட்டு முனீஸ்வரனும் சர்பத்துக்கு மாறியிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை போடும் படையலில் கோழிக்கறி, அவித்த முட்டை, சுருட்டு எல்லாம் வழக்கம்போல இருக்கும். சாராயம் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கிளாஸ் சர்பத். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பா லாரி வேலையைக் குடியில் தொலைத்தவர். காளி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் தாமுவே என்ற பேட்டையின் சந்தைப் பக்கம் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். இனி ஒரு சொட்டு தொண்டையில் இறங்கினாலும் என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஏழு வயதுப் பெண்ணான எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்பது மட்டும்தான்.

அந்த வருடம் படையலுக்கு அத்தை ஒரு பாட்டிலோடு வந்தாள். அப்பாவின் தங்கை. நகரத்தில் ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலை அவளுக்கு. சொந்த நாட்டுக்குத் திரும்பிய சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போன ஒயின் அது.

“சாமிக்கு எதுக்கு அண்ணி வருசா வருசம் சர்பத்து? இது பழச்சாறு மாதிரிதான். வெள்ளக்காரங்க சோத்தோட குடிக்கிறது.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் “சாமிக்குத்தானே” என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

எனக்கோ கேள்வி மேல் கேள்வி. இத்தாலி ஒரு பூட்ஸ் மாதிரி இருக்குமாம். இது அதன் குதிகால் பக்கத்து ஒயினாம்.

“அங்க நம்ம மகுவே ஊரு மாதிரி வெயிலு கொளுத்துமாம். திராட்ச கொடியிலயே பாதி காஞ்சிருமாம். அதான் இம்புட்டு கெட்டி” என்றாள் அத்தை.

பாட்டிலை ஒரு கட்டையால் அடைத்திருந்தார்கள். கடையிலிருந்து கொண்டுவந்த சுருள் கம்பியை அதில் திருகி அவள் இழுத்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனிந்த நாவல்பழமும் காய்ச்சிய வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசம் எங்கள் சின்ன வீட்டை நிறைத்தது. கிளாஸில் ஊற்றியபோது கறுப்பாக இருந்தது. விளக்கருகே குனிந்து பார்த்தேன், ஓரம் மட்டும் சிவப்பு. அது தித்திக்குமா, புளிக்குமா என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

படையலில் வைத்த கிளாஸ் வீட்டு ஆண்பிள்ளைக்கு என்பது எங்கள் வழக்கம். கீழே கொட்டக் கூடாது, வேண்டாமென்றால் சாமி குத்தம். சர்பத் காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. சூடம் காட்டி முடித்ததும் அத்தை கிளாஸை எடுத்து நீட்டினாள்.

“இந்தாண்ணே, பிரசாதம்.”

அப்பாவின் கை நீண்டது. வாங்கவும் இல்லை, மடங்கவும் இல்லை.

அம்மா குறுக்கே வந்து கிளாஸைப் பிடுங்கி மடமடவென்று குடித்துவிட்டாள். மருந்தென்று கூட மதுவைத் தொட்டவள் இல்லை அவள். கண்ணில் நீர் முட்ட, “நல்லாருக்கு, மிச்சத்தையும் ஊத்து” என்றாள். சாமிக்கு உடைத்த பாட்டில், மிச்சமும் பிரசாதம்தானே.

அத்தைக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். தனக்கும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு வாய்ம்மா” என்று கெஞ்சினேன்.

“போடி அந்தப் பக்கம்!”

பாட்டில் காலியானபோது அம்மா கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கரைந்து வழிந்தது. பாயில் சாய்ந்தவள் கூரையைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு தூங்கிப்போனாள். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினார். விசிறிக்கொண்டே சத்தமில்லாமல் அழுதார்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சொட்டுக்கூட வைக்காமல் அம்மாவே குடித்துவிட்டாளே என்றுதான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் அதே துக்கம்தான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் அழுதேன்.