செத்தவர்களின் கண்டாக்கு

கிரேக்கத் தெய்வங்களில் அம்மாவுக்கு ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவரையும் அவள் தெய்வமாக எண்ணவில்லை, கண்டாக்கு என்றே எண்ணினாள்.

தொண்ணூறுகளின் கடைசியில், லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். என் பாடங்களில் ஒன்று கிரேக்க உரோம நாகரிகம். ஆசைப்பட்டு எடுத்ததில்லை. அதற்குத்தான் ஆசிரியர் இருந்தார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அட்டைக்கடி வாங்கித் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒலிம்பஸ் மலை எதற்கு என்று எனக்கு ஒரே எரிச்சல். ஏறி இறங்க எங்களுக்கு இருக்கிற மலைகள் போதாதா? ஆனாலும் பாஸ் பண்ண வேண்டுமே. சாயங்காலம் தோட்டத்து வரிசைவீட்டில், எங்கள் லயத்து அறையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பாள்.

அண்ணன் காணாமற்போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு நாள் வெளியே போனான், கடைக்குத் திரும்பவில்லை. கையில் அடையாள அட்டை கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது இருந்ததே இல்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்புக்குப் போய்த் தெரிந்த சிங்களத்தில் வாசல் வாசலாகக் கேட்டார். பிடித்தோம் என்றும் யாரும் சொல்லவில்லை, பார்த்தோம் என்றும் சொல்லவில்லை.

அன்று ஹெர்மிஸ் பாடம். ஆசிரியர் கொடுத்திருந்த ஆங்கிலத் தாளில் அந்தத் தெய்வத்துக்கு ஒரு பட்டம் இருந்தது: செத்தவர்களின் கண்டக்டர். அதை வாய்விட்டு வாசித்தேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"யாரு, கண்டாக்கா?"

தோட்டத்தில் விடியற்காலை ஆட்கள் கூடும் பெரட்டில் நின்று, இன்றைக்கு யார் யார் எந்த மலைக்கு என்று ஆள் பிரித்து அனுப்புகிறவர்தான் கண்டாக்கு. ஆங்கிலத்துக் கண்டக்டர் எங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டார்.

"கண்டாக்கு இல்லம்மா. செத்தவங்கள கீழ் உலகத்துக்குக் கூட்டிட்டுப் போற சாமி."

"எப்புடி இருப்பாரு?"

"தலையில அகலத் தொப்பி. கையில கம்பு, அதுல ரெண்டு பாம்பு சுத்தியிருக்கும். செருப்புல ரெக்க இருக்கும்."

"தொப்பி, கம்பு. அப்ப கண்டாக்குதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி மாவைத் தட்டினாள்.

மறுநாள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "சோதினையிலை கண்டாக்கு எண்டு எழுதிப் போடாதையும் பிள்ளை, வழித்துணை எண்டு எழுதும்" என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது. எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு அம்மா தினமும் அந்தக் கண்டாக்கைப் பற்றியே கேட்டாள். அவர் விடியலில் பிறந்தவர். மத்தியானத்துக்குள் ஆமை ஓட்டில் நரம்பு கட்டி யாழ் செய்துவிட்டார். சாயங்காலம் சொந்த அண்ணனுடைய மாடுகளைத் திருடி, தடம் தெரியாமலிருக்கப் பின்பக்கமாக நடத்தி ஓட்டிப்போனார். பிடித்துக் கேட்டபோது, நேற்றுப் பிறந்த எனக்கு மாடு என்றாலே என்னவென்று தெரியாதே என்று தொட்டிலில் கிடந்தபடி சாதித்தார். அம்மா சிரித்தாள். அண்ணன் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒங்கண்ணன் மாதிரியே புளுகுறாரு."

பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பெரட்டுக்குப் பிந்திப் போனா கண்டாக்கு லயத்துக்கே வெரட்டிருவாரு. ஒங்கண்ணன் என்னைக்கு நேரத்துக்குப் போயிருக்கான்?"

கேலியாகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது கேலி இல்லை என்று தெரிந்தது. கீழ் உலகத்துக்குத் தூக்கிப் போகப்பட்ட ஒரு பெண்ணை ஹெர்மிஸ் திரும்பக் கூட்டி வந்த கதையும் பாடத்தில் இருந்தது. அவளுடைய தாய் உலகத்துப் பயிர் எதையும் முளைக்க விடாமல் பிடிவாதம் பிடித்ததால்தான் அனுப்பினார்கள். அந்தக் கதையை மட்டும் மனசுக்குள் படித்திருக்கலாம், பழக்கதோஷத்தில் சத்தமாகவே படித்துவிட்டேன்.

"தாய்க்காரி விட்டுக்குடுக்கல, அதான் அனுப்புனாங்க" என்றாள் அம்மா.

அண்ணன் போன மூன்றாவது வருடம் மாமா வந்தார். "அக்கா, அவன் காரியத்த முடிச்சிருவோம். ஆத்துமா அலையக் கூடாது."

"செத்தவனுக்குத்தான் காரியம். எம்புள்ளய திருப்பி அனுப்பிட்டாங்க, வந்துகிட்டு இருக்கான்."

யார் அனுப்பினார்கள் என்று மாமாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழிப்போக்கர்களுக்கும் திருடர்களுக்கும் பொய்க்காரர்களுக்கும் அவர்தான் தெய்வம் என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தெய்வத்தின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

காரியம் நடக்கவில்லை. நான் படித்து முடித்து, நோர்வூட்டில் ஆசிரியை ஆனேன். அம்மா பென்சன் எடுத்தாள். பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய்ப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அதட்டிவிட்டு நானும் எட்டிப் பார்ப்பேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் காரியம் செய்யிறப்ப அவனுக்கும் சேத்துச் செஞ்சிரு."

"வந்துகிட்டு இருக்கான்னு சொன்னியேம்மா?"

"நான் இருந்தேன், பாத்தேன். இனி யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்."

"வேணாம். நீ பாக்காத."

பதினாறாம் நாள் மாமா ஆற்றங்கரையில் உட்கார்ந்தார். காரியம் செய்ய வந்த பெரியவர் இரண்டு பிண்டம் பிடிக்கச் சொன்னார். அம்மா தவறிய நாளைக் கேட்டு முணுமுணுத்துவிட்டு, "மகன் என்னைக்குத் தவறுனாரு?" என்றார்.

மாமா ஈரக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அதே நாள்தாங்க" என்றேன்.