பூனையின் தவத்தைப் பார்க்க ரோஸியின் கணவரோடு போனேன்

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தேன். எனக்கு இது புதிய ஊர் இல்லை. ஒன்பது வருடங்களாக மாதம் ஒரு தடவை என் தோழி ரோஸியோடு போன வழிதான். ரோஸி போன ஐப்பசியில் புற்றுநோயில் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் நான் ஏறவே இல்லை.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊர் சுற்றிப் பார்ப்பது எங்களுக்கு ஒரு சாக்கு, பேசத்தான் போவோம். நம்பிச் சாப்பிட்டால்தான் மாத்திரை வேலை செய்யுமா? பூஜ்ஜியம் வருவதற்கு முன்னால் காலி டப்பாவைக் காட்டி எத்தனை என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? இப்படி ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கடல் வரும்வரை சண்டை போடுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். ஜெயித்த குஷியில் இளநீர் வாங்கித் தருவாள்.

இந்தத் தடவை என்னோடு வந்தவர் அவள் கணவர் தேவராஜ் அண்ணன். சவுக்கு லோடு ஏற்றும் லாரியின் டிரைவர். ரோஸி போனபின் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊரான செய்யூருக்கே போய்விட்டார். ஜனவரியில் ஒரு நாள் போன் செய்தார். “நீங்க ரெண்டு பேரும் அங்க போய் இன்னாதான் பேசிகினு இருப்பீங்க? ஒரு வாட்டி இட்டுகினு போய்ச் சொல்றீங்களா?” என்றார். எங்களுக்குள் அதுவரை நடந்ததிலேயே நீளமான பேச்சு அதுதான்.

காலை 7.20க்கு செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஏறினோம். ஆளுக்கு இருபத்தெட்டு ரூபாய். மொத்தம் முப்பது கிலோமீட்டர். பாதி தூரத்தில் திருக்கழுக்குன்றம் வரும். போகும்போது வேடிக்கை பார்க்க இடப்பக்க சீட்டில் உட்காருங்கள், முகத்தில் வெயில் அடித்தாலும் பரவாயில்லை. எங்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றத்தில் பாதி பஸ் இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

“என்னாண்ட அவ அவ்ளோ பேசனதில்ல. எனக்குப் பேசத் தெரியாதுன்னுதான் உங்களாண்ட வந்தாளா?”

இந்த மனிதர் ஏன் செய்யூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்படியெல்லாம் இல்லை அண்ணே என்றேன். ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

8.25க்கு இறங்கினோம். பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அர்ஜுனன் தபசு. தெருவோரத்திலேயே இருப்பதால் டிக்கெட் வேண்டாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து நாற்பது ரூபாய். ஒன்பது மணிக்குள் போனால் படம் எடுக்கிற கூட்டம் இருக்காது, பாறையில் வெயிலும் சாய்வாக விழும்.

எல்லாரும் அங்கே யானையைப் பார்ப்பார்கள். ரோஸி என்னைப் பார்க்கச் சொன்னது பூனையை. பெரிய யானையின் தும்பிக்கைப் பக்கமாகக் கீழே தேடுங்கள். ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்யும். அதைச் சுற்றி எலிகள். பூனை நடிக்கிறது, எலிகள் நம்பி ஏமாறுகின்றன என்பதுதான் அந்த வேடிக்கை.

அண்ணனுக்கு அதைக் காட்டிவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நடந்த சண்டையைச் சொன்னேன். நடிப்பு என்றைக்கும் நடிப்புதான் என்பது என் கட்சி. ஆயிரத்து முன்னூறு வருடமாகக் கையை இறக்காமல் நிற்கிறதே, இதற்கு மேல் தவம் என்றால் என்ன என்று ரோஸி கேட்டாள். ஏமாந்த எலிகளுக்கு அதனால் என்ன லாபம் என்று மடக்கினேன். அந்தத் தடவை இளநீர் வாங்கித் தந்தது நான்தான். அடுத்த மாதம் வந்தபோது, பஸ்ஸில் ஏறிய உடனே சொன்னாள்: எலிகள் ஏமாறவில்லை, தெரிந்துதான் நிற்கின்றன. அன்றைக்கு நான் தோற்றுப்போனேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது நான் சொன்னது” என்றார்.

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ரோஸி இந்தப் பூனையைப் பற்றிக் கேட்டாளாம். வாய்க்கு வந்ததை இவர் சொன்னாராம். அது பஸ் ஏறி இங்கே வரை வந்தது அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாத்திரை விஷயம்? அதில் பாதி இவருடையது. காலி டப்பா? “டப்பாவ கவுத்துக் காட்டுவாங்கன்னு சொன்னேன்” என்றார். அந்தப் பதிலை மடக்க ஒரு வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக இவரோடும் சேர்த்துத்தான் நான் சண்டை போட்டிருக்கிறேன்!

“எலி மேட்டருக்கு அப்புறம் இன்னா சொன்னா?” என்று கேட்டார்.

சொல்லலாமா என்று யோசித்தேன். ரோஸி என்னிடம் மட்டும் சொன்னது அது. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை இவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ரோஸி சொன்னது இதுதான்: பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம், முதல் இரண்டு வருடம் பிரியமாக இருப்பதுபோல நடித்தேன், எப்போது நிஜமானது என்று எனக்கே தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

அவர் முகம் மாறவில்லை. “தெரியும்ங்க” என்றார். “தெரிஞ்சிதான் நின்னேன்.”

பூனைப் பக்கம் திரும்பி, “எப்ப நிஜமாச்சின்னு எனக்குத் தெரியும். மழைல லாரி மாட்டிகினு மூணு நாள் லேட்டா வந்தேன். வாசல்லயே நிக்க வெச்சி கண்டபடி திட்டினா. அதுக்கு முன்னாடி ஒரு வாட்டிகூடத் திட்டினதில்ல, சிரிச்சிகினே இருப்பா” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நானும்தான். பக்கத்தில் நின்ற வடநாட்டுக் குடும்பம் எங்களைத் தாண்டிப் பூனையைத் தேடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்று வரிசையாக எழுத என்னிடம் குறிப்பு இல்லை. கடற்கரைக் கோயிலில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம், பெரும்பாலும் புல்தரையில் உட்கார்ந்து பேசினோம். மதியம் மீன் சாப்பாடு, நூற்றைம்பது ரூபாய். அங்கே சங்கரா மீனைவிட நெத்திலி வறுவல் நன்றாக இருந்தது. 3.10க்குத் திரும்புகிற பஸ். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்காது, முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். செங்கல்பட்டில் இறங்கிய பிறகும் பேச்சு முடியாமல் அண்ணன் இரண்டு செய்யூர் பஸ்ஸை விட்டார்.

இறந்துபோன நண்பரை நினைத்து ஓரிடத்துக்குப் போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். அவரை வேறொரு பக்கத்திலிருந்து தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க நிறைய இருக்கும், அதனால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் இருந்தபோது அண்ணனிடமிருந்து போன். செய்யூரிலிருந்து வண்டியை எடுக்கப்போகிறாராம். “லோடு ஏத்தின வண்டி அடங்கிப் போவும். காலி வண்டிதான் ரோட்ல குதிக்கும். மனுசனும் அப்டிதானா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். முதல் மணி அடித்த பிறகும் என்னை அவர் விடவில்லை.