பாட்டை நீக்கிய கல்யாண வீடியோ

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர். அதை நம்பித்தான் என் மூத்த சகோதரி ராத்தா தன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து தந்தார். மூன்று பழைய வீசீடிகள். பிளேயரில் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து பாதியில் நின்றுவிடுகிறதாம்.

"உம்மா உசிரோட நடமாடுறது இதுல மட்டுந்தான் தம்பி. முழுசாப் பழுதாகிறத்துக்கு முதல் டீவீடியாக்கித் தா."

"ஓம் ராத்தா, அதென்ன பெரிய வேலையா?" என்றேன்.

பெரிய வேலையில்லைதான். படம் ஒருவாறு தேறிவிட்டது. எனக்குப் பிரச்சினை பாட்டுகள். மாப்பிள்ளை படியேறுவதிலிருந்து விருந்துச் சஹன் தட்டுகளைத் தூக்குவது வரை, அந்த வீடியோக்காரன் எல்லாவற்றுக்கும் சினிமாப் பாட்டைப் போட்டுத் தள்ளியிருந்தான். ராத்தாவின் பிள்ளைகள் மதரசாவில் ஓதுகிறவர்கள், இசை கேட்கக் கூடாது. வீட்டில் இதை எப்படிப் போடுவது? ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நல்லதுதானே செய்கிறோம் என்ற மிதப்பு எனக்கு. சத்தம் முழுவதையும் அழித்துவிட்டு, இசையில்லாத ஒரு அரபுக் கஸீதாப் பாடலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடவிட்டேன். வேலை செய்யும்போது ஸ்பீக்கரைக்கூட அடைத்தே வைத்திருந்தேன். அவ்வளவு பேணுதல்!

வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழித்தேன். வீசீடிகளில் நானே ஓட்டை போட்டு, கிளி விரட்டக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் நல்ல தெளிவு. மச்சான்கூட என்னைப் புகழ்ந்தார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். பெண்கள் கூடி நின்றார்கள். முன்னுக்கு உம்மா. கமரா கிட்டப் போனது. உம்மாவின் வாய் திறந்திருக்க, நாக்கு வேகமாக அசைந்தது.

எங்கள் ஊர் கல்முனைக்குடியில் எந்தக் கல்யாணமென்றாலும் குரவையிட உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தொடங்கினால்தான் மற்றப் பெண்களுக்கு வாய் திறக்கும். இதை நான் மறந்தே போயிருந்தேன். ராத்தா மறக்கவில்லை.

"சத்தத்தக் கூட்டு தம்பி. இந்த இடத்துல வீடியோக்காரன் பாட்ட நிப்பாட்டித்தான் வெச்சிருப்பான். உம்மாட கொரவ வரும்."

ரிமோட் என் கையில் இருந்தது. கூட்டினேன். கஸீதா பெரிதாகக் கேட்டது.

"இன்னுங் கூட்டு."

இன்னும் கூட்டினேன். ராத்தா டீவீக்குக் கிட்டப் போய்க் காதைச் சாய்த்தார். அதற்குள் உம்மா திரும்பிப் பெண்களுக்குள் மறைந்துவிட்டார். பழைய டிஸ்க்கைத் திரும்பவும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

மரத்தில் மூன்றும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. வெயிலும் மழையும் பட்டு வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. அவிழ்த்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எதுவுமே திறக்கவில்லை. உம்மா மௌத்தாகி வருடங்கள் போய்விட்டன. போட்டோக்கள் இருக்கின்றன. குரல் வேறு எங்கும் இல்லை. அதை அழித்தவன் நான்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் மறுநாள் போனேன். நான் வாய் திறக்குமுன் ராத்தாவே தொடங்கினார்.

"பழைய டிஸ்க்தானே, சத்தம் பழுதாப் போயிருக்கும், அதாலதான் கஸீதாவப் போட்டிருக்கிறாய். நீ என்ன செய்வாய்? உம்மாட முகமாவது மிஞ்சினது ஒன்னாலதான். அல்லாஹ் ஒன்ட கைக்கு பரக்கத் செய்யட்டும்."

ஆமீன் என்றேன்.