குளுகுளு அண்ணனின் கார்

அவரை முதன்முதலில் பார்த்தது நான் வேலை செய்யும் உதிரிபாகக் கடையில். கைக்குட்டையில் பொதிந்து வந்த ஒன்றைக் கவுண்டரில் பிரித்து வைத்தார். கருகிய பிளாஸ்டிக் வாடை குப்பென்று ஏறியது.

“தம்பி, இதே மாதிரி ஒண்ணு குடுங்க. ஏசி காத்து நாலாம் நம்பர்ல பேய் மாதிரி அடிக்குது. மத்த நம்பர்ல மூச்சே இல்ல.”

அது ப்ளோயர் மோட்டாரின் ரெசிஸ்டர். காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னப் பொருள். கம்பி அறுந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். செருகும் முனையே உருகிக் கோணியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததும் வண்டி எஞ்சினியரிங்தான். “அண்ணே, மோட்டார் இறுகிப்போச்சு. அது கரண்டை அதிகமா இழுக்குது, இது கருகுது. மோட்டாரை மாத்துங்க” என்றேன்.

“மச்சான் பாத்துக்குவாரு” என்று புது ரெசிஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாடகைக் கார் நிறுத்தத்தில் அவருக்குக் குளுகுளு என்று பெயர். அவர் வண்டியில் ஏறினால் போர்வை வேண்டும் என்பார்கள். சொந்த வண்டி, அந்த வீட்டின் ஒரே வரும்படி. காலையில் முதல் சவாரி அவர் மகளுக்கு; முன் இருக்கையில் உட்கார்ந்து நர்சிங் கல்லூரிக்குப் போவாள். மச்சான் என்பது மனைவியின் அண்ணன், மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை.

சீக்கிரமே இரண்டாவது ரெசிஸ்டருக்கு வந்தார். அதுவும் கருகியிருந்தது.

“மோட்டாரைப் பத்தி மச்சான்கிட்ட சொன்னீங்களாண்ணே?”

“நீங்களே சொல்லுங்க தம்பி. நான் சொன்னா எனக்கு வீட்ல சோறு கிடையாது.”

சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் காரின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. ப்ளோயருக்குப் பச்சை ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய ஆரஞ்சு ஃபியூஸ். அடிக்கடி போகிறதென்று மச்சான் மாற்றினாராம். ஆபத்து வந்தால் முதலில் அறுந்து காப்பாற்ற வேண்டியதை அறுந்துபோகாதபடி செய்து வைத்திருந்தார்.

அடுத்த முறை அவர் வெறுங்கையோடு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“இனிமே உங்க கடைக்கு வேலையில்ல தம்பி! உள்ள வெந்துபோகுதுன்னு மச்சான் ரெசிஸ்டரை வெளிய எடுத்துத் தொங்கவிட்டுட்டாரு. காத்தோட்டமா இருக்கு.”

ப்ளோயர் அடிக்கும் காற்றுதான் ரெசிஸ்டரைக் குளிர வைக்கும். அதற்காகத்தான் அதைக் குழாய்க்குள் பொருத்துகிறார்கள். வெளியே ஓடிப்போய் அவர் மகள் உட்காரும் பக்கத்து முன் கதவைத் திறந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில், கால்மிதி விரிப்புக்குச் சற்று மேலே, டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. தொடாமலே உள்ளங்கையில் அனல் தெரிந்தது. அடியில் மிதியின் நாரில் பழுப்பாக ஒரு வட்டம்.

“பொண்ணு எதுவும் சொல்லலையாண்ணே?”

“காலு சுடுதுன்னுச்சு. சம்மணம் போட்டு உக்காருன்னேன்.”

“இப்பவே பிடுங்கிடலாம். ஒரு நிமிஷ வேலை.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான் கட்டினதை வெளியாளு பிரிச்சான்னு தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். நாளைக்கு அவரையே பிரிக்கச் சொல்றேன்.”

“அதுவரைக்கும் ஏசி பக்கமே போகாதீங்க.”

“சத்தியமா.”

அவர் போடவில்லை. அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் வெயிலோடு ஏறிய மகள்தான் போட்டாள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிக்னலில் இவர் கவனிப்பதற்குள் மிதியிலிருந்து புகை வந்தது. அதற்குள் அவள் துப்பட்டா நுனியில் தீ பற்றிக்கொண்டது. வெறுங்கையால் அதை அணைத்து அவளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். வண்டி நடுரோட்டில் எலும்புக்கூடாகி நின்றது.

கையில் கட்டோடு அவரே வந்து சொன்னார். “மச்சான் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“கார் கம்பெனி போட்ட வயரிங் சரியில்லையாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

மகள் இப்போது மீண்டும் கல்லூரிக்குப் போகிறாள், பேருந்தில். கணுக்காலில் தழும்பு இருக்கிறது. குளுகுளு அண்ணன் ஒரு மருந்துக் கம்பெனியின் வேனை ஓட்டுகிறார். வேன் கம்பெனியுடையது என்பதால், மச்சான் அதில் கை வைக்க முடியாது.