வெல்டர் அண்ணனின் வலது தோள்

போன ஆட்டத்தில் தோற்றதிலிருந்து வெல்டர் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ரக்பி அணியின் முன்வரிசையில் தன் இடம் பறிபோய்விடுமோ என்ற பயம். அவருடைய பட்டறைச் சுவரிலேயே பயிற்சியாளர் அந்த ஆட்டத்தின் வீடியோவை ஓட்டிக் காட்டினார்.

“எல்லாரையும் இடது தோளாலயே மடக்குற. வலதுக்கு என்ன, லீவா?”

“பழக்கதோஷங்க” என்றார் அண்ணன்.

“எங்க, வலது கையைத் தூக்கு.”

கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை.

“ஒரு வாரமா நான்தான் சட்டை மாட்டிவிடுறேன்” என்றார் டீ கொண்டுவந்த அண்ணி.

“காட்டிக் குடுத்துட்டியேடி!”

“கை போனா வெல்டிங்கை யாரு பாப்பா, உங்க ரக்பி கோப்பையா?”

அடுத்த ஆட்டத்துக்கு அவருக்குப் பதில் என்னைத் தேர்ந்தெடுத்தார் பயிற்சியாளர். அண்ணன் என் தோளைத் தட்டினார், இடது கையால்.

“நல்லா ஆடு தம்பி. ரொம்ப நல்லா வேணாம்.”