பட்டாணி சூப்பும் கூரையும்

கூரையின் முகட்டு மரம் ஏறிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் பட்டாணி சூப்பு ஊற்றாத வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று பனி கொட்டும் கைனூ வட்டாரத்தில் எல்லோரும் நம்பினார்கள். நகராட்சிக் கட்டட ஆய்வாளர் வியெனோ கர்ப்பனென் என்ற பெண்மணி அதை நம்பவில்லை. ஆனால் ஊற்றிய சூப்பை ஒருநாளும் மறுத்ததில்லை. குடித்துவிட்டு ஏணியில் ஏறுவார். பாதிக் கூரைகளைத் தேறாது என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

அப்படி ஒருமுறை இறங்கியபோதுதான் அந்தக் கூரையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ரெய்யோ புகார் கொடுத்தார். தான் ஊற்றிய சூப்பை ஆய்வாளர் குடித்தார் என்பது குற்றச்சாட்டு. நகராட்சி மேலாளர் தூரே, வியெனோவின் மகன் வயதுக்காரர், இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டுபவர் கையால் காப்பிகூட வாங்கக் கூடாது என்ற புது விதி அவருடையது.

"இனிமே எதையும் தொட மாட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க வியெனோம்மா" என்றார் தூரே.

"சூப்பு குடுத்து என்னை வாங்கிட்டதா இவர் சொல்றாரா?"

"எங்க வாங்க முடிஞ்சுது? அதானே என் வயித்தெரிச்சல்" என்றார் ரெய்யோ.

"கேட்டுக்கங்க தம்பி. எனக்குச் சாட்சியே இவர்தான்."

"பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"கிண்ணத்தை ஒதுக்குனா, இந்தம்மா தேறாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்குன்னு நெனைப்பாங்க. கையெழுத்தெல்லாம் போட மாட்டேன்."

இன்னொரு கிண்ணம் குடித்தால் வேலை போகும் என்று எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வியெனோவின் ஓய்வூதியத்துக்கு இரண்டே வருடம் இருந்தது.

அடுத்த கூரை, நகராட்சியின் சொந்தக் குழந்தைகள் காப்பகம். கட்டுபவர் அதே ரெய்யோ. வியெனோ போனபோது தச்சர்களுக்கு நடுவே தூரே உட்கார்ந்திருந்தார். மடியில் கிண்ணம், பாதி காலி.

"ரெய்யோ ரொம்ப வற்புறுத்தினார்" என்றார் தூரே. "மறுத்தா நல்லாருக்காதுல்ல."

"நல்லாத்தான் இருக்காது" என்று வியெனோ பக்கத்தில் உட்கார்ந்து கை நீட்டினார். தச்சர்கள் மெல்வதை நிறுத்திவிட்டார்கள். ரெய்யோ தயங்கித் தயங்கி ஊற்றினார். வியெனோ அவசரமில்லாமல் குடித்து, அடியில் ஒட்டியதையும் ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டு ஏணியில் ஏறினார்.

இறங்கியதும் சொன்னார்: "தேறாது. இந்தக் கூரையோட மரச்சட்டம் ஒரு குளிர்காலப் பனியைத் தாங்காது. கீழே குழந்தைங்க தூங்கப் போறாங்க."

"திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சே..." என்று இழுத்தார் தூரே.

"மாத்திக் குறிங்க. அப்படியே அந்த எச்சரிக்கையில சொன்ன வேலைநீக்கத்தையும் எழுதிடுங்க தம்பி, ரெண்டு பேருக்கும் சேத்து."

தூரே கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் எழுதி முடிக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு இன்னொரு கரண்டி, ரெய்யோ. போன தடவைக்கு இது நல்லா வெந்திருக்கு."

ரெய்யோ நிறையவே ஊற்றினார்.